பால் கருகும் வாசனை

பால் கருகும் வாசனை வருகிறதா, இல்லை வருவதாகத் தோன்றுகிறதா என்று செண்பகவல்லிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மூச்சை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வந்தது. இன்னொரு தடவை இழுத்தாள், இப்போது வரவில்லை. அப்படியானால் முதலில் வந்தது என்ன? இந்த மாதிரி நேரத்தில் தன் மூக்கை நம்பக் கூடாது, அடுத்தவர் மூக்கைத்தான் பார்க்க வேண்டும் என்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் தானாகவே கற்றுக்கொண்ட பாடம். வாசனை நிஜமானதாக இருந்தால் யாராவது ஒருத்தர் மூக்கைச் சுளிப்பார், கர்ச்சீப்பை எடுப்பார், என்ன எழவு வாடை இது என்று பொதுவாகக் கேட்டு வைப்பார். யாரும் ஒன்றும் செய்யவில்லை என்றால் அது அவளுடைய சொந்த வாசனை, அவள் தலைக்குள் மட்டும் ஒரு அடுப்பு எரிந்து, அதில் மட்டும் ஒரு பால்சட்டி அடிபிடிக்கிறது. அதற்கப்புறம் அரை நிமிஷம், மிஞ்சிப் போனால் ஒரு நிமிஷம். அதற்குள் உட்கார வேண்டும், முடிந்தால் படுக்க வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது, பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். யாரிடமாவது கேட்டுவிட்டால் என்ன? கேட்க முடியாது. உங்களுக்கு வாசனை வருதா என்று ஒரு பெண் வாயைத் திறந்து கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று ஒரு பார்வை வரும், அந்தப் பார்வையைத் தூணோரம் நிற்கும் அப்பா பார்ப்பார். அதனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் நீளமான வராந்தாவில், இரும்பு நாற்காலியில், மடியில் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்து வரிசையாக மூக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மீசை மூக்கு ஒன்று செல்போனில் குனிந்திருந்தது. மூக்குத்தி மூக்கு ஒன்று கொட்டாவி விட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா, சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருக்கிறேன், பேர் மரிய புஷ்பம் என்று வந்த இரண்டாவது நிமிஷமே சொல்லியிருந்தவர், திடீரென்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாலத் தீச்சுப்புட்டான் பாரு, கிறுக்குப் பய. இந்த டீய வேற மனுசன் குடிக்கணும்" என்று கேட்டைப் பார்த்துச் சொன்னார். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடி டீக்கடையில் டீ மாஸ்டர் பாத்திரத்தை ஒரு துணியால் பிடித்து அவசரமாக இறக்கிக்கொண்டிருந்தார். செண்பகவல்லிக்கு அந்த அக்காவின் கையைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது. ஆமாக்கா, தீஞ்ச வாடைதான் என்று மட்டும் சொன்னாள்.

நிஜப் பால். நிஜ அடுப்பு. உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். டோக்கன் இருபத்து மூன்று, இப்போது பதினான்கு ஓடுகிறது. தூணோரம் அப்பா சங்கரபாண்டி, டிரைவிங் ஸ்கூல் தங்கதுரையிடம் ஏதோ கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மாவு மில் வைத்திருக்கிறவர் வெள்ளைச் சட்டை போட்டால் மாவு தெரியாது என்பது அவர் கணக்கு, ஆனால் காது மடலில் இருக்கிற மாவு எந்தச் சட்டைக்கும் தெரியும். இந்த யோசனையே அப்பாவுடையதுதான். போன மாதம் சாத்தூரிலிருந்து பெண் கேட்டார்கள். வந்து பார்த்து, கேசரி சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போனவர்கள் தெருமுனைக் கடையில் வண்டியை நிறுத்தி, அந்த மில்லுக்காரர் பிள்ளைக்கு ஏதோ வருமாமே என்று விசாரித்தார்களாம். ஏதோ. அந்தச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். வீட்டில்கூட யாரும் அதன் பெயரைச் சொன்னதில்லை. அம்மா 'அது' என்பாள், அப்பா 'மயக்கம்' என்பார், வெளியாட்கள் 'ஏதோ' என்பார்கள், மாத்திரை அட்டை கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். சாத்தூர்க்காரர்கள் கேட்டது தெரிந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முகமெல்லாம் தெளிந்து, என்னமோ புதையலைக் கண்டெடுத்தவர் மாதிரி வந்தார். "ஏ செம்பா, ஒனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுல்ல? லைசென்ஸ் எடுத்துருவோம்." அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு அப்படியே மேலே எழும்பியது. அது எழும்பி நிற்பதற்குள் அப்பா மீதியையும் சொல்லிவிட்டார். "அந்த மாதிரி இருக்கிற பிள்ளைக்குக் கவருமென்ட்டு லைசென்ஸ் கொடுக்குமா? கொடுக்காதுல்ல? அப்ப நம்ம பிள்ளைக்குக் கொடுத்திருக்குன்னா என்ன அர்த்தம்? வாயத் தொறக்கிறவன் மூஞ்சியில அந்தக் காயிதத்த நீட்டிருவேன். முதல்ல எல்.எல்.ஆர். வரட்டும், அதுவே போதும். நீ வண்டியத் தொடவே வேண்டாம், என்ன? தொடவே கூடாது." தொடவே கூடாத வண்டிக்கு ஒரு உரிமம். இதைக் கேட்டு அவள் சிரித்திருக்க வேண்டும், ஆனால் அப்பாவின் கண்ணைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. பிறகு தங்கதுரை வந்தான், படிவம் வந்தது. உடல்தகுதி பற்றிய சுய உறுதிமொழி, ஏழெட்டுக் கேள்விகள். அதில் முதல் கேள்வியே அதுதான், வேறு எதையும் கேட்கத் தோன்றாதவர்கள் மாதிரி எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டிருந்தார்கள். உங்களுக்கு வலிப்பு நோயோ, திடீரென நினைவு தவறுதலோ, தலைசுற்றலோ உண்டா? அவள் அந்தச் சொல்லைக் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். அச்சில் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது. தங்கதுரைக்கு இதெல்லாம் மனப்பாடம், கேள்வியைப் படிப்பதே இல்லை, 'இல்லை, ஆம், இல்லை, ஆம், இல்லை, இல்லை, இல்லை' என்று ராகம் போட்டுக்கொண்டே டிக் அடித்துக்கொண்டு போனான். "எல்லாருக்கும் இதே அண்ணாச்சி. கண்ணு நல்லாத் தெரியுதா ஆம், கலரு தெரியுதா ஆம், மத்ததெல்லாம் இல்லை. முடிஞ்சது சோலி." இல்லை, ஆம், இல்லை, ஆம். இப்போதும் அவள் தலைக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது, மில் பெல்ட் ஓடுகிற தாளத்தில். முதல் இல்லை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் எங்கேயோ உரசியது.

காலையில் மாத்திரை போட்டாளா? போட்டாள். போட்டிருப்பாள். தினமும் போடுகிறவளுக்கு இன்றைக்குப் போட்டதும் நேற்றுப் போட்டதும் ஒன்றாகத்தான் ஞாபகம் இருக்கும், அதுதான் பிரச்சினை. கடுகு டப்பாவை நகர்த்தினாள், அது நேற்றா? அம்மா உளுந்து நனைய வைத்த குண்டானைத் தாண்டிக் கையை நீட்டினாள், அது முந்தாநாள், புதன்கிழமைதான் உளுந்து. அப்பா வாசலில் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தார், அம்மா டீயைக் கையில் திணித்தாள், சடங்கு வீட்டுக்குப் போகிறவள் மாதிரி பூ வைத்துவிட்டாள், போட்டோ எடுப்பார்களாம். அதற்கு நடுவில் மாத்திரை எங்கே வந்தது? வரவே இல்லையோ? அப்பாவிடம் கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குப் போன் செய்யலாம், போன் அப்பாவிடம் இருக்கிறது. போட்டாள். போட்டிருப்பாள். டாக்டரம்மா ஒரு வேளை தப்பினால் ஒன்றும் ஆகிவிடாது என்றும் சொல்லியிருக்கிறார், ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே நாளில் சொன்னாரா? மதுரையில் அந்த டாக்டரம்மா அறையில் வைத்துத்தான், அப்பா மருந்துச் சீட்டோடு வெளியே போன நேரம் பார்த்து, அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள். மேடம், நான் ஸ்கூட்டர் ஓட்டலாமா? டாக்டரம்மா சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை அவளுக்குப் பிடிக்கும். "ரெண்டு வருஷம் வராம இருக்கட்டும். அப்ப வா, பேசுவோம்" என்றார். இரண்டு வருஷம். காலண்டரில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்தாள், அம்மா கண்ணில் படாத மாதிரி தேதிக்குக் கீழே, ராகுகாலம் போட்டிருக்கிற இடத்தில். பதினாறு மாதம் புள்ளி வைத்தாள். பதினாறு! இன்னும் எட்டே மாதம். பதினேழாவது மாதம் மில்லில், கம்பு அரைக்க வந்த கூட்டத்துக்கு நடுவில், வாசனை வந்தது. மில்லில் பால் ஏது. உட்காரக்கூட முடியவில்லை. அதற்கப்புறம் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்து இப்போது ஏழாவது மாதம். அதனால் இன்றைக்கு இந்தக் காகிதம் கிடைத்தாலும் அவள் வண்டியைத் தொட மாட்டாள், அப்பா சொல்லி இல்லை, அவளே தொட மாட்டாள். பள்ளிக்கூடம் விடும் நேரம், தண்ணீர்த் தொட்டி முக்கு, ஒரு பிள்ளை கையில் சாக்பீஸ் டப்பாவோடு குறுக்கே ஓடி வருகிறது, இவளுக்குப் பால் கருகுகிறது. இதை அவள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டாள். பிள்ளைக்கு முகம் மட்டும் இருக்காது. பிரேக்கைப் பிடிக்கிற இடத்தில் கை இருக்கும், கையில் அவள் இருக்க மாட்டாள். அப்படியிருந்தும் ஏன் காலையில் அத்தனை நேரம் கண்ணாடி பார்த்தாள்? போட்டோவுக்கா? ஆமாம், போட்டோவுக்குத்தான். ஒரு காகிதத்தில் அவள் முகத்தைப் போட்டு, அதன் மேல் முத்திரை குத்தி, இவளுக்கு ஒன்றுமில்லை, இவளை நம்பி ரோட்டில் விடலாம் என்று எவனோ முன்பின் தெரியாத ஒருத்தன் கையெழுத்துப் போடுவான். பொய்தான். பொய்யாக இருந்தாலும் அது தனக்கு வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கல்யாணம் வேண்டாம், சாத்தூர் வேண்டாம், கேசரியை அந்த மாமியார் ஸ்பூனால் கிளறிப் பார்த்த விதமே வேண்டாம். அந்தக் காகிதம் மட்டும் வேண்டும்.

"சாவி எங்க வச்சேன்" என்று மரிய புஷ்பம் அக்கா பையைக் குடைந்து, ஒரு கொத்துச் சாவியை எடுத்து மடியில் போட்டார். சத்துணவுக் கூடத்துச் சாவி, பீரோ சாவி, வீட்டுக்காரர் வண்டியின் இன்னொரு சாவி. செண்பகவல்லி அதிலிருந்து கண்ணை எடுத்தாள். சாவியைப் பார்த்தால் அவளுக்குக் கூசும். மற்றவர்களுக்குச் சாவி என்றால் கதவு, பூட்டு, வண்டி. அவளுக்குச் சாவி என்றால் கண் விழித்ததும் கைக்குள் இருக்கிற ஒன்று. ஒன்பதாம் வகுப்பில், காலைப் பிரார்த்தனையில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் முதல் தடவை விழுந்து எழுந்தபோது மூடிய கைக்குள் பள்ளிக்கூட லேப் சாவி இருந்தது, தகர வில்லையில் வேதியியல் என்று எழுதி. அதைத் திருப்பிக் கேட்ட அட்டெண்டர் அவள் விரலைத் தொடாமல் கேட்டார். சித்தப்பா கல்யாண மண்டபத்தில் எவனோ மாப்பிள்ளை வீட்டுப் பையனுடைய பைக் சாவி, அவன் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் வேறு சாவி போட்டு வண்டியை எடுத்துப் போனானாம். திருச்செந்தூர் பஸ்ஸில் யாரிடமும் உடனே இரும்பு அகப்படவில்லை, கண்டக்டர் விசிலை வைத்திருக்கிறார், ஒருத்தர் அது பித்தளை, அதுக்கு அடங்காது என்று சண்டைக்குப் போனாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள், அவளுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் சிரிப்பு வரும். மில்லில் அப்பாவின் ஷட்டர் சாவி, ஒரு சாண் நீளம், உள்ளங்கையில் மூன்று நாள் தழும்பு. டாக்டரம்மா அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னார். "சாவியால ஒண்ணும் ஆகாது சார். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்கு அடியில துணி வைங்க, கையக் காலப் பிடிக்காதீங்க. அவ்வளவுதான்." சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று அப்பா பள்ளிப் பிள்ளையாகத் தலையாட்டினார், வெளியே வந்து பஸ் ஏறியதும் சட்டைப் பையைத் தொட்டு ஷட்டர் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். யாரைச் சொல்லி என்ன, கை நடுங்குகிற இன்னொரு ஆளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாதவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் எத்தனையோ பேர் தங்கள் சாவியை அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள். விழித்திருக்கும்போது ஒருத்தர்கூடக் கொடுத்ததில்லை. பெட்டியில் வைத்த அவளுடைய சர்ட்டிபிகேட்டைக்கூட அம்மாதான் திறந்து எடுத்துத் தருவாள்.

"நீ படிச்ச பிள்ள, ஒனக்கென்ன, டக்கு டக்குன்னு அமுக்கிட்டு வந்துருவ" என்றார் புஷ்பம் அக்கா. "எனக்கு இது மூணாவது தடவ. முக்கோணம் போட்டா என்ன, வட்டம் போட்டா என்ன, அதுவே ஒரு எழவும் விளங்க மாட்டேங்கு. எம் மாமியா சொல்லுதா, நாப்பத்தஞ்சு வயசுல ஒனக்கு எதுக்கு வண்டின்னு. அரிசி மூட்டைய அவளா தூக்கிட்டு வருவா? ஆமா, நீ எதுக்கு எடுக்க? காலேஜுக்குப் போகவா?" செண்பகவல்லி வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? கல்யாணத்துக்கு என்றா? சும்மாதான்க்கா என்றாள். "சும்மான்னா?" என்று அக்கா விடாமல் கேட்டு, பிறகு தானே சிரித்து, "சும்மாவும் எடுக்கலாம், தப்பில்ல. அப்பா எடுத்துக் கொடுக்காகளே, கொடுத்து வச்சவ" என்றார். தூணோரத்திலிருந்து அப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது? காதில் மாவோடு நிற்கிற அந்த மனிதர் ஏழு மாதமாக இரவு இரண்டு தடவை எழுந்து வந்து அவள் பாயருகே நின்று மூச்சைக் கேட்டுவிட்டுப் போகிறார், அவள் தூங்குகிற மாதிரி கிடப்பாள். அவரிடம் கோபப்படவும் முடியவில்லை, கோபப்படாமல் இருக்கவும் முடியவில்லை. இருபதிலிருந்து இருபத்தைந்து வரைக்கும் உள்ள வாங்க என்றது ஒரு குரல். உள்ளே போகும் முன் அப்பா பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "பயப்படாத. பத்துல ஆறு வந்தாப் போதும். ஒண்ணும் வராது" என்றார். ஒண்ணும் வராது என்றது எதை என்று இருவருக்கும் தெரியும். தங்கதுரை வெற்றி விரல் காட்டினான்.

அறை குளிர்ந்திருந்தது. ஏ.சி. ஓடியது, சன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள், ஆறு கம்ப்யூட்டர், நடுநடுவே தடுப்பு. பின்னால் மேஜை போட்டு, நரைத்த மீசை வைத்த ஆய்வாளர் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொருத்தர் படிவத்தையும் முன்னால் அடுக்கி வைத்திருந்தார். யாரும் பேசக் கூடாது, தெரியாட்டியும் அமுக்குங்க, மிஷின் ஒண்ணும் கடிக்காது என்றார். செண்பகவல்லிக்கு வலப்பக்கம் புஷ்பம் அக்கா, இடப்பக்கம் கழுத்தில் கர்ச்சீப் கட்டிய ஒரு இளைஞன். முதல் கேள்வி, வரிக்குதிரைக் கோடுகளில் யாருக்கு முன்னுரிமை. நடந்து போகிறவருக்கு. பச்சை நிறத்தில் சரி என்று வந்தது. இவ்வளவுதானா! இரண்டாவது, முக்கோணத்துக்குள் வளைந்த அம்பு. சரி. மூன்றாவது, பள்ளிக்கூடத்தின் அருகே, இரண்டு பிள்ளைகள் ஓடுகிற படம், அவர்களுக்கும் முகம் இல்லை, கறுப்பாக ஒரு வட்டம்தான் தலை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மேலே நொடிகள் குறைந்துகொண்டு போயின, கடைசியில் அமுக்கினாள், சரி. நான்கு, ஐந்து. எங்கேயோ பின்னால் கதவு திறந்து மூடிய சத்தம், யாரோ வந்திருப்பார்கள், இல்லை போயிருப்பார்கள். ஆறு, சரி. ஆறு வந்துவிட்டது. ஆறு போதும். திரையின் மூலையில் அந்த எண் இருந்தது, மீதி நாலையும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் போதும், கிடைத்துவிட்டது, அவள் முகம், அதன் மேல் முத்திரை. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மேலே வந்தது. அதோடு கூடவே பால் கருகியது. இல்லை. இல்லை, ஆம், இல்லை, ஆம். மூச்சை இழுக்காமல் இருந்து பார்த்தாள், இழுக்காமல் எவ்வளவு நேரம் இருக்க முடியும், இழுத்தாள், இருந்தது. அடிபிடித்து, கரிந்து, சட்டியோடு ஒட்டிக்கொண்ட பால். சன்னலைப் பலகை வைத்து அடைத்த அறைக்குள், வேப்பமரத்தடி எங்கேயோ கிடக்க, பால் எப்படி வரும்? வலப்பக்கம் பார்த்தாள். புஷ்பம் அக்கா நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு திரைக்குள்ளேயே போய்விட்டிருந்தார், வீடே பற்றி எரிந்தாலும் அந்த மூக்குக்குத் தெரிந்திருக்காது. இடப்பக்கம் பார்த்தாள், அந்தப் பையன் மூக்கும் சும்மா இருந்தது. மாத்திரை போடவில்லை. போடவே இல்லை, இப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, டீயை மட்டும் குடித்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். அரை நிமிஷம். ஏழாவது கேள்வி தானாக வந்து நின்றது. வாகனம் ஓட்டும்போது உங்களுக்குத் தலைசுற்றல் ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்? அ, வேகமாக வீட்டுக்குப் போய்விடுவேன். ஆ, முகத்தைக் கழுவிக்கொண்டு தொடர்ந்து ஓட்டுவேன். இ, ஓரமாக நிறுத்திவிடுவேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது. இ. சரி என்று வந்தது. நாற்காலியில் இருந்தால் தடுப்பின் முனை நெற்றியில் குத்தும், மண்டபத்தில் அப்படித்தான் பல் போனது. கீழே படுத்தால் இவர்கள் தூக்கி உட்கார வைப்பார்கள், தண்ணீரை வாயில் ஊற்றுவார்கள். முன்னாடியே சொல்லிடு, சொன்னாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும் என்றார் டாக்டரம்மா. யாரிடம் சொல்லியிருக்கிறாள் இதுவரை? நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "சார், எனக்கு வலிப்பு வரப் போகுது" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது, படிவத்தில் இருந்தது போலவே சாதாரணமாக. "யாரும் பயப்படாதீங்க. கையப் பிடிக்காதீங்க, ரெண்டு நிமிசத்துல சரியாயிரும்." சொல்லிவிட்டுச் சிமெண்டுத் தரையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரும் கேட்கவில்லை, அதாவது அவள் சொன்ன பிற்பகுதியைக் கேட்கவில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. "ஏ இரும்பு, இரும்பக் கொடுங்க" என்று ஒரு குரல், ஆத்தி, பச்சப் பிள்ள என்று புஷ்பம் அக்கா, கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்து இன்னொரு குரல், யாருய்யா இந்தப் பொண்ணுகூட வந்தது. லைசென்ஸ் எடுக்க வந்த இடம், ஆளாளுக்குப் பையில் சாவி. அவள் விரல்களைப் பிரித்து ஒன்றை வைத்தார்கள், அதன் மேல் ஒரு கொத்து. வெதுவெதுப்பாக இருந்தன. சாவி சூடாக இருக்கும் என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. அடுத்தவர் பையிலிருந்து, அடுத்தவர் தொடைச் சூட்டோடு அது வருகிறது, விழித்துப் பார்க்கும்போது எப்போதும் அவள் சூடுதான் அதில் இருந்திருக்கிறது. இதை உணர்கிறோமே, எப்படி? அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கும். ஏ.சி. சத்தம் கேட்டது, தரையின் குளிர் கன்னத்தில் பட்டது, யாருடைய காலணியிலோ சாணி வாடை அடித்தது, எல்லாம் இருந்தது, அவளும் இருந்தாள். கட்டை விரல் நகத்தோரம் எரிந்தது. அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கும்போது அலுமினியத் தாள் கீறியது, காலையில், ஹாரன் சத்தத்துக்கு நடுவில், டீயோடு முழுங்கினாள். போட்டிருக்கிறாள். தலைமாட்டில் யாரோ மேஜையில் டம்ளரை வைக்கும் ஓசை. ஆய்வாளர் இன்னும் நம்பாத குரலில், "நல்லாத்தானேய்யா ஆறேழு சரியா அடிச்சிருக்கு" என்றார், பிறகு எச்சிலைக் கூட்டி விழுங்கிக்கொண்டு, "இது என்ன டீயா, அப்பிடியே பாலு கருகிக் கெடக்கு. இதப் போயி உள்ள கொண்டு வந்து வச்சிருக்கானே. ரூமே நாறுது" என்றார்.

செண்பகவல்லி கண்ணைத் திறக்கவில்லை. வா என்றாள். யாருக்கும் கேட்காமல், தன் தலைக்குள், அந்த அடுப்பு இருக்கிற இடத்தைப் பார்த்து. எத்தனை தடவை வராதே வராதே என்று கெஞ்சியிருக்கிறாள், இப்போது வா என்றாள், இப்ப வராட்டி எப்ப வருவ, கை விறைக்கட்டும், வாயில் நுரை வரட்டும், எல்லாரும் பார்க்கட்டும், வா. வரவில்லை. ஆறு மாதமும் சொச்ச நாளும் வராமல் இருந்தது இன்னும் வராமலே இருந்தது. அப்பாவின் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல, காலையில சாப்பிடல, பித்த மயக்கம்" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்துவிட்டார், அவருக்கு அது தங்கதுரையின் டிக் மாதிரி மனப்பாடம். "அது வாயாலயே சொல்லிச்சேய்யா, வலிப்புன்னு. பத்துப் பேரு கேட்டிருக்கோம்" என்றார் ஆய்வாளர். காகிதம் புரளும் ஓசை. "இதுல இல்லைன்னு போட்டிருக்கு. கையெழுத்தும் போட்டிருக்கு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். பேனாவால் நீளமாக ஒரு கோடு கிழிக்கும் சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "மொதல்ல பிள்ளைய நல்ல டாக்டர்ட்டக் காட்டுங்க." நம்ம மில்லுக்காரர் மகதான் என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள், மல்லி அரைக்க வரும்போது மில்லில் கேட்ட குரல். இனிச் சாத்தூர் இல்லை, எந்த ஊரும் இல்லை. அதில் ஒரு நிம்மதி வரும் என்று பார்த்தாள். வரவில்லை, அதுவும் வரவில்லை. அப்பா அவள் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார், மாவு வாசனை வந்தது. தலையைத் தொட்டார், கையைத் தொட்டார், கால் விறைத்திருக்கிறதா என்று பார்த்தார். எத்தனை தடவை பார்த்தவர், அவரை ஏமாற்ற முடியாது. குனிந்து அவள் காதோடு, மற்றவர்களுக்குக் கேட்காமல், உடைந்துபோய்க் கேட்டார். "ஒண்ணும் வரலையேம்மா. ஏம்மா சொன்ன?"

அவள் கண்ணைத் திறந்தாள். ஏழெட்டு முகம் வட்டமாகக் குனிந்திருந்தது. எழுந்து உட்கார்ந்தாள். இடப்பக்கத்துப் பையன் கொஞ்சம் தள்ளி நின்றபடி, என் சாவி என்றான். அவனுடையதை எடுத்துக் கொடுத்தாள், கையில் வாங்காமல் கர்ச்சீப்பில் வாங்கிக்கொண்டான். கொத்து புஷ்பம் அக்காவுடையது, அக்கா அதை வாங்கும்போது அவள் கையையும் சேர்த்து ஒரு தடவை பிடித்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார், அவருக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மீதி ஒரே ஒரு சாவி இருந்தது. வீட்டு வண்டிச் சாவி, முருகன் படம் போட்ட வளையம், அப்பா குனிந்தபோது பழக்க தோஷத்தில் அவரும் வைத்திருக்கிறார். ஏழாம் வகுப்பிலிருந்து ஆணியில் தொங்குவதை அவள் பார்த்துவந்த சாவி. அதை முழுசாகப் பார்த்தாள், பல் தேய்ந்த பக்கத்தை, தேயாத பக்கத்தை, இரண்டையும். "போவமாம்மா" என்று அப்பா கையை நீட்டினார். செண்பகவல்லி விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, அவர் சாவியை அவர் கையில் கொடுத்தாள்.